அல்சாஸ் ஒயின் பாதை: கேள்விகளும் பதில்களும்

பிரான்ஸின் கிழக்கு எல்லையில், வோஜ் மலைத்தொடரின் அடிவாரச் சரிவை ஒட்டியே ஓடுகிறது அல்சாஸ் ஒயின் பாதை. வடக்கே மார்லென்ஹைம், தெற்கே டான், நடுவில் சுமார் 170 கி.மீ. இதற்கென்று தனியாகச் சாலை போடவில்லை. திராட்சை ஊர்களை இணைக்கும் பழைய சாலைகளையே கோத்து, வழிகாட்டிப் பலகை நட்டு, 1953-இல் பாதையாக அறிவித்தார்கள். அங்கே போகத் திட்டமிடுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பாரிஸ் புறநகர் லா கூர்நெவிலிருந்து: நாங்கள் குடும்பமாக ஐந்து பேர். ஒரு சனி, ஞாயிறில் முழுப் பாதையையும் காரில் ஓடி முடிக்கலாமோ, அண்ணா?

ஓடி முடிக்கலாம், ஆனால் ஒன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். பல ஊர்களுக்குள் வேகம் மணிக்கு 30 கி.மீ. தான். ஊர் நடுவில் கார் நிறுத்த முடியாது. மதிலுக்கு வெளியே காசு கட்டி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஊருக்கு ஒன்றரை மணி நேரம் வைத்தாலே நாளுக்கு நான்கு ஊர்தான் ஆகும். இரண்டு நாளுக்கு ஒரே துண்டை எடுங்கள்: பெர்க்ஹைம் முதல் எகிஸ்ஹைம் வரை.

சனி காலை பெர்க்ஹைமில் தொடங்குங்கள். பழைய மதில் ஏறக்குறைய முழுசாக நிற்கும் ஊர் அது. மதிலைச் சுற்றி நடைபாதை உண்டு, கூட்டமும் குறைவு. மதியச் சாப்பாட்டுக்கு ரிபோவிலே. காரை அங்கேயே விட்டுவிட்டு, திராட்சைத் தோட்டங்களின் ஊடாக உனாவிர் வழியே ரிக்விருக்கு நடந்து போங்கள். சுமார் 5 கி.மீ., குழந்தைகளோடு இரண்டு மணி நேரம். நடுவில் உனாவிரின் மதில் சூழ்ந்த தேவாலயம் திராட்சைக் கொடிகளுக்கு மேலே நிற்கும். இந்தப் பாதையிலேயே இதற்கு இணையான காட்சி வேறில்லை என்பது என் எண்ணம். ரிக்விரை மாலை ஐந்து மணிக்கு மேல் பாருங்கள். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் 1291-இல் கட்டிய தோல்தர் கோபுரத்தின் அடியில் நின்று மூச்சுவிட இடம் கிடைக்கும். திரும்பி வரும் பேருந்து நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள்; வார இறுதியில் கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் கைசர்ஸ்பெர்க். நோபல் அமைதிப் பரிசு பெற்ற மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-இல் பிறந்த ஊர். கோட்டை இடிபாட்டுக்கு ஏறினால் ஊர் முழுவதும் கண்ணுக்குக் கீழே. பிற்பகல் எகிஸ்ஹைம். அதன் தெருக்கள் நடுக்கோட்டையைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்தவை. வெளிவளையத்தை வலமாக ஒரு சுற்றுச் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஞாயிறன்று பல சிறு ஒயின் வீடுகள் (தோட்டக்காரரே ஒயின் தயாரித்து, சுவைக்கக் கொடுத்து விற்கும் இடங்கள்) திறக்காது. சுவைத்து வாங்கும் வேலையைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து: எங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரயில், பஸ் மட்டும் வைத்துப் போக முடியுமா?

முடியும். கொல்மார் நகரில் தங்குங்கள். பாரிஸ் கிழக்கு நிலையத்திலிருந்து நேரடி அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வட்டார ரயிலில் அரை மணி நேரம்.

பாதையில் ரயில் தொடும் ஊர்களும் உண்டு, தொடாத ஊர்களும் உண்டு. ஒபர்னே, பார் ஆகிய ஊர்கள் இரண்டும் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து மோல்ஸ்ஹைம் வழியாகப் போகும் தடத்தில் இருக்கின்றன. தூர்க்ஹைமுக்குக் கொல்மாரிலிருந்து கிளை ரயில். ரூஃபாக் கொல்மாருக்கும் முலூஸுக்கும் இடையிலான தடத்தில். டானுக்கு முலூஸில் மாற வேண்டும். ஆனால் எல்லோரும் தேடிப்போகும் ரிபோவிலே, ரிக்விர், கைசர்ஸ்பெர்க் மூன்றுக்கும் ரயில் கிடையாது, பஸ்தான். அந்தப் பஸ்கள் பள்ளிக்கூட நாட்களை அனுசரித்து ஓடுபவை. பள்ளி விடுமுறையிலும் ஞாயிறிலும் எண்ணிக்கை பாதியாகும், சில தடங்களில் நின்றேவிடும். கால அட்டவணையில் உங்கள் தேதி எந்த வகையில் சேருகிறது என்று பார்க்காமல் போய் நிறுத்தத்தில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

தூர்க்ஹைம் போனால் இரவு பத்து மணி வரை இருங்கள். மே முதல் அக்டோபர் வரை, விளக்கும் ஈட்டியுமாக இரவுக் காவலர் பாடிக்கொண்டே ஊரைச் சுற்றி வருவார். கடைசி ரயில் போய்விடும் என்பதால் அன்றிரவு அங்கேயே அறை எடுப்பது நல்லது.

கோயம்புத்தூரிலிருந்து: ஒரு நாளில் எத்தனை ஒயின் வீட்டில் சுவைக்கலாம்? கொஞ்சம் கொஞ்சமாகத்தானே ஊற்றுவார்கள், ஓட்டுவதில் சிக்கல் வருமா?

வரும். ஒரு கிளாஸில் ஊற்றுவது ஏறக்குறைய 30 மி.லி. எட்டு வகை சுவைத்தால் 240 மி.லி. ஆகிறது. 13 விழுக்காடு ஒயினில் அது சுமார் 25 கிராம் ஆல்கஹால். பிரான்ஸில் ஓட்டுநருக்கு வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம். புது உரிமக்காரர்களுக்கு 0.2 தான், அதாவது ஒரு கிளாஸ்கூட ஆகாது. ஒரே வீட்டில் எட்டையும் விழுங்கிவிட்டு ஸ்டியரிங் பிடித்தால், உடல் எடை குறைந்தவர் 0.5-ஐத் தாண்டிவிடலாம். 0.5-க்கும் 0.8-க்கும் இடையில் பிடிபட்டால் 135 யூரோ அபராதம், உரிமத்தில் 6 புள்ளி போகும். 0.8 தொட்டால் அது நீதிமன்றம் போகும் குற்றம்.

ஆகவே ஓட்டுபவர் துப்ப வேண்டும். மேசையில் துப்புவதற்கென்றே பாத்திரம் இருக்கும். இல்லையென்றால் "கிராஷ்வார்" என்று கேளுங்கள். நம் ஊரில் துப்புவது அவமரியாதை. அங்கே துப்புபவரைப் பார்த்தால்தான் "இவர் உண்மையாகவே சுவைக்க வந்தவர்" என்று இன்னும் இரண்டு பாட்டில் திறப்பார்கள். வாயில் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படவிட்டு, உதட்டைக் குவித்து நேராகத் துப்புங்கள். முந்தின இரவு குளியலறையில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

எண்ணிக்கை: காலை பத்தரைக்கு ஒன்று, பிற்பகல் மூன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் நாக்கு வேலை செய்யாது. பன்னிரண்டு முதல் இரண்டு வரை எந்த வீட்டு மணியையும் அடிக்காதீர்கள், அது அவர்களுடைய சாப்பாட்டு நேரம்.

சேலத்திலிருந்து: உள்ளே போனதும் என்ன சொல்வது, என்ன கேட்பது? வாங்காமல் வந்தால் தப்பா?

"போன்ஜூர்" சொல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. சிறு தோட்டக்காரர் என்றால் முந்தின நாளே தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ நேரம் கேட்டுவிடுங்கள். உங்களுக்கு ஊற்றுபவர் அன்று காலை டிராக்டர் ஓட்டியவராக இருப்பார். அத்தர், வாசனைத் திரவியம், மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கும் ஒயினின் மணம் தெரியாமல் போய்விடும்.

வரிசை முக்கியம். முதலில் கிரேமாங் என்ற நுரை ஒயின், பிறகு திராட்சை வகையின் பெயரிலேயே வரும் ஒயின்கள்: சில்வானெர், பீனோ பிளாங், ரீஸ்லிங், பீனோ கிரி, கெவுர்ட்ஸ்ட்ரமினர் என்று மென்மையானதிலிருந்து கனமானதற்கு, புளிப்பிலிருந்து இனிப்புக்குப் போக வேண்டும். முஸ்கா என்ற இன்னொரு வகையைக் கெவுர்ட்ஸ்ட்ரமினருக்கு முன்னால் வைப்பார்கள். தாமத அறுவடை இனிப்பு ஒயின் கடைசியில். முதலிலேயே இனிப்பைக் குடித்துவிட்டால் பிறகு வரும் நல்ல ரீஸ்லிங் வெறும் எலுமிச்சைத் தண்ணீராகத் தெரியும். காசு வாங்கும் இடத்தில் வாங்காமல் வரலாம். இலவசமாக முக்கால் மணி நேரம் உட்கார வைத்து ஊற்றினால் இரண்டு பாட்டிலாவது எடுப்பது மரியாதை.

யாழ்ப்பாணத்திலிருந்து: அல்சாஸ் வைன் எல்லாம் இனிப்பு எண்டு சொல்லுகினம். எங்கட உறைப்புக் கறியோட எது சேரும்?

பெரும்பகுதி இனிப்பில்லாதது. குழப்பம் வந்ததற்குக் காரணம், ஒரே ரீஸ்லிங்கை ஒரு வீடு சர்க்கரை மிச்சமில்லாமல் நொதிக்கவிடும், அடுத்த வீடு சர்க்கரை மிச்சம் வைக்கும்; முன்பு லேபிளில் அது தெரியாது. 2021 அறுவடையிலிருந்து லேபிளில் எழுதியே ஆக வேண்டும். "செக்" என்றால் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை. புளிப்பு அதிகமானால் 9 வரை அனுமதி. "தெமி-செக்" 12 வரை, "முவாலே" 45 வரை, "தூ" அதற்கும் மேல். பாட்டிலின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

உறைப்புக்குச் சர்க்கரையே இல்லாத, ஆல்கஹால் கூடிய ஒயின் ஆகாது. மிளகாயும் ஆல்கஹாலும் சேர்ந்து நாக்கை எரிக்கும். தெமி-செக் பீனோ கிரி, முவாலே கெவுர்ட்ஸ்ட்ரமினர் இரண்டும் தாங்கும். கெவுர்ட்ஸ்ட்ரமினரில் லிச்சிப் பழமும் ரோஜாவும் மணக்கும், ஏலம் பட்டை போட்ட கறிக்கு அது நன்றாகப் பொருந்தும். மீன் பொரியலுக்குச் செக் ரீஸ்லிங், மேலே தேசிக்காய் பிழியத் தேவையில்லை.

மண்ணையும் கேட்டுச் சுவையுங்கள். மலைக்கும் ரைன் சமவெளிக்கும் இடையே பூமி உடைந்து இறங்கிய இடம் இது. அதனால் ஒரு ஊருக்குள்ளேயே கருங்கல், சுண்ணாம்பு, களிச்சுண்ணம், மணற்கல் என்று மண் மாறிக்கொண்டே போகும். கிராங் குரு எனப்படும் தனிச்சிறப்புச் சரிவுகள் 51. கைசர்ஸ்பெர்க்கின் மேலே உள்ள ஷ்லோஸ்பெர்க் கருங்கல் சரிவு, சுமார் 80 ஹெக்டேர், அவற்றில் மிகப் பெரியது. பெர்க்ஹைமின் கான்ட்ஸ்லர்பெர்க் 3 ஹெக்டேர் சொச்சம், மிகச் சிறியது. டான் ஊரின் ராங்கென் எரிமலைப் பாறை. நிற்கவே கால் வழுக்கும் செங்குத்து. ஒரே வீட்டில், ஒரே ஆண்டு ரீஸ்லிங்கைக் கருங்கல் மண்ணிலிருந்து ஒன்று, சுண்ணாம்பு மண்ணிலிருந்து ஒன்று என்று அருகருகே ஊற்றச் சொல்லுங்கள். அந்த இரண்டு கிளாஸ் பத்துப் புத்தகம் சொல்லித்தராததைச் சொல்லித்தரும். சில்வானெரை மலிவு ஒயின் என்று ஒதுக்குபவர்கள் மித்தல்பெர்க்ஹைமின் ட்ஸோட்ஸென்பெர்க் சரிவில் விளைந்ததைச் சுவைக்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து: எந்த மாதம்?

மே கடைசியும் ஜூனும், அல்லது அக்டோபரின் பின்பாதி. ஜூனில் கொடி பூக்கும், பகல் நீளம். அக்டோபர் கடைசியில் சரிவுகள் மஞ்சளாகும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் கிரேமாங்குக்கான அறுவடை ஆரம்பித்துவிடும். அறுவடையைப் பார்க்க ஆசைப்பட்டு அப்போது போகிறவர்கள் ஏமாறுவது இரண்டு வகையில்: தோட்டக்காரருக்கு உங்களோடு பேச நேரமிருக்காது, பல ஊர்களில் தோட்ட நடைபாதைகளையே அறுவடை முடியும்வரை மூடிவிடுவார்கள். டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் போவதென்றால் வார நாளில் போங்கள், அறையை மாதங்கள் முன்பே எடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பாதி உணவகங்கள் பூட்டியிருக்கும்.

மழைக்குப் பயப்பட வேண்டாம். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை வோஜ் மலை தடுத்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை குறைவதுபோல. கொல்மார் பிரான்ஸின் மிக வறண்ட நகரங்களில் ஒன்று.

மதுரையிலிருந்து: நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, கேட்டுச் சாப்பிட வேண்டும். பிளாமகூச் என்ற மெல்லிய ரொட்டியில் பாலேடும் வெங்காயமும் பன்றி இறைச்சித் துண்டும் போட்டுச் சுடுவார்கள். "ஸான் லார்தோன்" என்றால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். காளான் போட்டதும் கிடைக்கும். சூக்ரூட் என்ற புளிக்கவைத்த முட்டைக்கோஸில் மேலே உள்ள இறைச்சியை ஒதுக்கிவிட்டால் சைவமாகிவிடாது. கோஸே விலங்குக் கொழுப்பில் வெந்தது. வெங்காயத் தார்த்திலும் இறைச்சித்துண்டு கலந்திருக்கலாம். கூகெல்ஹோஃப் கேக்கில் இனிப்பு, உப்பு என்று இரண்டு. உப்பில் பன்றி இறைச்சி, இனிப்பில் முட்டை உண்டு. மது தொடாதவர்கள், அதன் உலர்திராட்சையைச் சாராயத்தில் ஊறவைத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: சைக்கிளில்?

மார்லென்ஹைமிலிருந்து டான் வரை சைக்கிளுக்கென்று தனி வழி இருக்கிறது, 130 கி.மீ.க்கு மேல், யூரோவெலோ 5 என்ற ஐரோப்பிய நெடுந்தூர சைக்கிள் தடத்தின் பகுதி. பெரும்பாலும் தோட்டச் சாலை, பழைய ரோமன் சாலை. குட்டிக் குட்டி ஏற்றங்கள் ஓயாமல் வரும், மின்சைக்கிள் எடுத்தால் முழங்கால் தப்பும். நாளுக்கு 40 கி.மீ. போதும். டிராக்டர் வந்தால் ஓரம் ஒதுங்குங்கள், அது அவர்கள் வேலை செய்யும் சாலை. 0.5 வரம்பு சைக்கிளுக்கும் உண்டு.

திருச்சியிலிருந்து: ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? உடையாமல் எப்படி?

இந்தியச் சுங்கம் வயது வந்த பயணிக்கு வரியில்லாமல் விடுவது 2 லிட்டர். 750 மி.லி. பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், மூன்றாவது எடுத்தால் வரம்பு தாண்டும். தாமத அறுவடை ஒயின் அரை லிட்டர் பாட்டிலிலும் வரும், அதில் ஒன்று சேர்த்தால் கணக்கு சரியாக 2. கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில்தான். அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக, மற்றவற்றைவிட உயரமாக இருக்கும். கடைகளில் விற்கும் காற்றுப்பைகளில் பல அதற்குக் குட்டை, கழுத்து வெளியே நீட்டி அங்கேதான் உடையும். வாங்கும் வீட்டிலேயே அட்டைக்குழாய் கேளுங்கள். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவே, பெட்டியின் ஓரம் தொடாமல் வையுங்கள். பாட்டிலுக்கு ஒன்றேகால் கிலோ எடை போட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் வாங்கிய பாட்டிலைக் காரின் டிக்கியில் வைத்துவிட்டு ஊர் சுற்றாதீர்கள். சூடேறினால் கார்க் மேலே தள்ளி ஒயின் கசியும். ஊர் ஊராகச் சுவைத்து முகவரி மட்டும் குறித்துக்கொண்டு, கடைசி நாள் காலையில் போய் வாங்குங்கள்.