வேலையிடத்துக் கேள்வி பதில்: காற்றைக் கேட்காமல் போட்ட தேதி

தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரத்தில் தூண்டில் வளைவு வேலை, அதாவது கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தடுப்பு. நான் சைட் இன்ஜினியர். எந்த வேலை எந்த நாளில் என்று ஆறு மாதத்துக்கும் நாள்வாரியாகக் கோடு போட்ட பார் சார்ட்டைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வாரமே கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அதைக் கெடுத்துவிட்டது. "பிளானில் கை வைக்காதே" என்கிறார் மேலாளர். பி.எம்.ஐ. (திட்ட மேலாண்மைக்காரர்களின் சங்கம்) போன்றதில் சேர்ந்தால் பயன் உண்டா?
*– வாசகி, கீழக்கரை*

நானும் ஒட்டியவன்தான் மகளே. பாக் நீரிணைப் பக்கம் ஒரு ஜெட்டி வேலை. ஐப்பசியில் கல் கொட்டுவதாக எழுதியிருந்தேன். வாடைக் காற்று கிளம்பியது, பெண் கடல் என்று பெயர் வாங்கிய வடகடல் பேயாட்டம் போட்டது. டிப்பர்கள் நின்ற இடத்திலேயே நின்றன, வாடகை மட்டும் ஓடியது. சார்ட்டைப் பார்த்த ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) கேட்டார்: "காத்தக் கேக்காமத் தேதி போட்டீகளா?"

அதன்பிறகு என் முறை மாறியது. அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டும் நாள்வாரி. அதற்கப்புறம் மாதவாரி. அதையும் தாண்டினால் முடிக்கும் தேதியும் பணமும் மட்டும். திங்கள்தோறும் மேஸ்திரியை உட்கார வைத்துத் திருத்துவோம். ரோலிங் வேவ் பிளானிங் என்று இதற்குப் பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. முடிக்கும் தேதி, டிராயிங், பணம் இந்த மூன்றில் எது நகர்ந்தாலும் மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். மற்றதை நீங்களே நகர்த்தலாம், அதற்குத்தானே சைட்டில் இருக்கிறீர்கள்?

மேலாளருக்குப் பாம்பனை நினைவூட்டுங்கள். 1964 டிசம்பர் புயல் ரயில் பாலத்தைக் குலைத்தபோது ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற ரயில்வே இன்ஜினியர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலில் விழுந்த கர்டர்களையே (பாலத்தின் இரும்பு உத்தரங்கள்) மீட்டு மாட்டினார்கள். அது எந்த சார்ட்டில் இருந்திருக்கும்?

சங்கத்துக்கு வருவோம். பி.எம்.ஐ. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அது தரும் பி.எம்.பி. என்ற சான்றிதழுக்கான தேர்வு 1984 முதல் இருக்கிறது. படிப்படியாகச் செய்முறை சொல்லிவந்த அதன் வழிகாட்டி நூல், 2021-இன் ஏழாம் பதிப்பில் கோட்பாடுகளின் பக்கம் திரும்பியது. சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வதும் அவற்றில் ஒன்று. மேலாளரிடம் காட்ட அது போதும். ஆனால் பி.எம்.பி. எழுத, பட்டதாரிக்கே மூன்று வருடம் திட்டத்தை நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். அவசரப்பட்டு அதற்காகக் கடன் வாங்காதீர்கள். முதலில் சென்னைக் கிளையின் கூட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். எனக்கு உதவியது சான்றிதழ் அல்ல, டீ இடைவேளையில் தன் சொதப்பலை மறைக்காமல் சொன்ன இரண்டு பேர்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். விசைப்படகு மராமத்து மட்டும் ஏன் ஒவ்வொரு வருஷமும் ஜூன் 14-ஐத் தாண்டுகிறது?
*– வாசகர், ராமேஸ்வரம்*

ஏப்ரல் 15 அன்று எல்லாப் படகும் ஒரே ஆசாரிகளைத் தேடினால் தாண்டத்தான் செய்யும். ஆளை மாசியிலேயே பேசி வையுங்கள். அப்புறம், பலகையைச் சுரண்டிப் பார்க்காமல் எத்தனை அடி உளுத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் வாரம் சுரண்டல் மட்டும். தேதியும் கூலியும் எட்டாம் நாள் பேசுங்கள். இன்ஜின் சாமானை மட்டும் அதற்கு முன்பே சொல்லி வையுங்கள், மதுரையிலிருந்து வர நாளாகும்.