மார்ஜின் குரல் இருக்கும்போதே

கேள்வி: ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் தரம் இறங்கிவிட்டதா? இனி அதை நிறுத்திவிடலாமா?

ஹோமர், மார்ஜ் தம்பதி, அவர்களின் மூன்று பிள்ளைகள் என ஒரு குடும்பத்தைச் சுற்றி வரும் இந்த அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் தரம் இறங்கியது உண்மைதான். ஆனால் அந்த இறக்கம் நேற்று நடந்ததன்று. 1998ஐ ஒட்டியே தொடங்கிவிட்டது. கடந்த நாலைந்து ஆண்டுகளில் தொடர் திரும்பவும் எழுந்து நிற்கிறது என்றே நினைக்கிறேன். அப்படியிருந்தும் அது நின்றுவிட வேண்டும் என்பதுதான் என் பதில். காரணம் வேறு. அதற்கு வருகிறேன்.

முதலில், எது கெட்டுப்போனது என்று பார்க்க வேண்டும். “முன்போலச் சிரிப்பு வரவில்லை” என்று பலரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், போனது சிரிப்பன்று, பயம். 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான முதல் அரைமணி நேரக் கதையை நினைத்துப் பாருங்கள். ஹோமருக்குக் கிறிஸ்துமஸ் போனஸ் இல்லை. மார்ஜ் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமோ மகன் பார்ட்டின் கையில் குத்திய பச்சையை அழிக்கவே போய்விட்டது. வீட்டில் சொல்ல வாயில்லாமல் ஹோமர் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டுக் கடையில் நிற்கிறான்; கிடைத்த கொஞ்சப் பணத்தையும் நாய்ப் பந்தயத்தில் தோற்கிறான். தோற்று, விரட்டப்பட்ட நாயோடு வீடு திரும்புகிறான். கையில் காசில்லாத தகப்பன் பண்டிகை நாளில் என்ன பாடுபடுவான் என்று தெரிந்தவர்கள் எழுதிய கதை அது.

1995 ஜனவரியில் வந்த மேகி பிறந்த கதை அதைவிட மேல். குடும்ப ஆல்பத்தில் கடைக்குட்டி மேகியின் படம் ஒன்றுகூட இல்லையே, ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அணுமின் நிலைய வேலையை உதறிவிட்டு, தனக்குப் பிடித்த பந்துருட்டும் அரங்கில் ஹோமர் மகிழ்ச்சியாக வேலை பார்த்த நாட்கள் அதற்கு விடையாக விரிகின்றன. மூன்றாவது குழந்தை வருகிறது. அந்தச் சம்பளம் போதாது. பழைய முதலாளி பர்ன்ஸிடம் மண்டியிட்டு வேலையைத் திரும்ப வாங்குகிறான். “மறந்துவிடாதே, உனக்குக் கடைசிவரை இந்த இடம்தான்” என்ற பொருளில் ஒரு பலகையை அவன் மேசைக்கு எதிரே மாட்டுகிறார் பர்ன்ஸ். மேகியின் படங்களை ஹோமர் அந்தப் பலகைமேல் ஒட்டி ஒட்டி எழுத்துகளை மறைக்கிறான். மிஞ்சிய எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் “அவளுக்காகச் செய்” என்று வருகிறது. ஆல்பத்தில் படம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

என் அப்பா குமாஸ்தாவாக ஒரே மேசையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவர். அந்த மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் படமும் தங்கையின் படமும் இருந்தன. அவருக்கு அந்த வேலை பிடிக்கவேயில்லை என்பது அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அமெரிக்க ஊர் ஒன்றின் மஞ்சள் நிறப் பொம்மை மனிதன் என்னை அழ வைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஹோமர் விண்வெளிக்கே போன கதையும் நல்ல காலத்தில், 1994இல் வந்ததுதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் தன்னை ஒருவரும் மதிக்கவில்லையே என்ற ஏக்கம்தான் அவனை அங்கே கொண்டுபோனது. கதை எவ்வளவு உயரப் பறந்தாலும் கால் அந்த வீட்டுக்குள்ளேதான் இருந்தது. பிந்தைய ஆண்டுகளில் அந்தக் கால் நழுவிவிட்டது. ஹோமர் வாரம் ஒரு வேலைக்குப் போனான், யாரையும் புண்படுத்தினான், மறுவாரம் எல்லாம் சரியாகிவிட்டது. எதை இழந்தாலும் திரும்பக் கிடைத்துவிடும் வீட்டில் யாருக்கு என்ன கவலை இருக்க முடியும்? 1997 செப்டம்பரில், பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் இத்தனை நாளும் வேறொருவர் பெயரில் வாழ்ந்தவர் என்று ஒரு கதை வந்தது. முடிவில், இதைப் பற்றி இனி யாரும் பேசக் கூடாது என்று ஆணையிட்டு முடித்துவிட்டார்கள். ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரரே அந்தக் கதையை வெளிப்படையாக எதிர்த்தார். பார்வையாளரின் நம்பிக்கையில் விழுந்த முதல் பெரிய விரிசல் அது. மறு ஆண்டு மே மாதம் ஃபில் ஹார்ட்மன் கொல்லப்பட்டார். அவர் குரல் கொடுத்துவந்த நடிகர் டிராய் மெக்ளூரும் வக்கீல் லயனல் ஹட்ஸும் அவரோடு தொடரிலிருந்து விடைபெற்றார்கள்.

அதன் பிறகான இருபது ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. 2018 ஏப்ரலில் ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரின் 635 பகுதிகள் என்ற பழைய சாதனையைத் தாண்டினார்கள். அந்த வாரம் நானும் பார்த்தேன். எண்ணிக்கைதான் நினைவில் நிற்கிறது, கதை நிற்கவில்லை.

அண்மைக் காலத்தில் தயாரிப்பாளர் மேட் செல்மன் பொறுப்பில் வரும் பகுதிகளில் பழைய அக்கறை தெரிகிறது. 2022இல் ஹோமரும் மார்ஜும் பனிக்காட்டில் உடைகூட இல்லாமல் சிக்கிக்கொள்ளும் ஒரு கதை வந்தது. பெரும்பகுதியும் இருவர் மட்டுமே. குளிரில் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ளும் நடுவயதுத் தம்பதி. விட்டுவிட்டவர்கள் அதை மட்டுமாவது பாருங்கள். இந்தத் தொடர் செத்துவிட்டது என்று அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு ஏன் நிறுத்தச் சொல்கிறேன்? குரல்களுக்காக.

ஜூலி கேவ்னர் 1950இல் பிறந்தவர். 1987இல் சிறு துணுக்குகளாக இது தொடங்கிய நாளிலிருந்து மார்ஜ் அவர்தான். அந்தக் கரகரப்பு மார்ஜின் குணம். இப்போது அதற்குள் முதுமையின் களைப்பும் கேட்கிறது. திரையில் மார்ஜுக்கு வயது ஏறவில்லை, குரலுக்கு ஏறிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மனது பதறுகிறது. பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸாகப் பேசிவந்த பமீலா ஹேடன் 2024இல் ஓய்வு பெற்றார், வேறொருவர் வந்துவிட்டார். மில்ஹவுஸுக்கு அது தாங்கும். மார்ஜுக்குத் தாங்காது.

2013 அக்டோபரில் மார்சியா வாலஸ் இறந்தபோது, அவர் குரல் கொடுத்த ஆசிரியை எட்னா க்ரபாப்பலுக்கு வேறு ஆள் தேடவில்லை. தண்டனையாக ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும் பார்ட், அந்த வாரம் கரும்பலகையில் ஒரே ஒரு முறை, நீங்கள் இல்லாமல் நிஜமாகவே ஏங்குவோம் என்று எழுதி நின்றான். அந்த மரியாதையைத் தொலைக்காட்சி நிலையத்துக்காரர்கள் ஹோமருக்கும் மார்ஜுக்கும் தர மாட்டார்கள் என்பது என் அச்சம். பணம் கொழிக்கும் சொத்து அது. 2025 ஏப்ரலில் ஃபாக்ஸ் நிலையம் நாற்பதாவது பருவம் (சீசன்) வரை நீட்டித்திருக்கிறது. 2029 வாக்கில் அது முடியும். அங்கே முடிக்கட்டும். நாற்பத்தொன்று வேண்டாம்.

எப்படி முடிப்பது என்ற யோசனையும் அவர்களிடமே இருக்கிறது. கடைசிக் கதையின் இறுதியில் குடும்பம் பள்ளியின் கிறிஸ்துமஸ் விழாவுக்குப் புறப்பட வேண்டும். 1989இன் முதல் கதை தொடங்குவது அந்த விழாவில்தான். முடிவு தொடக்கத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும் என்று தயாரிப்பாளர் அல் ஜீன் சொல்லியிருக்கிறார். எனக்கு இது போதும். நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்று காரிலிருந்து மார்ஜ் பிள்ளைகளைக் கூப்பிடும்போது, அது ஜூலி கேவ்னரின் குரலாக மட்டும் இருக்க வேண்டும்.