குடியுரிமை இல்லாதவர்கள் அமெரிக்காவில் சிட்டி கவுன்சிலில் போலீஸ் கவச வண்டி பற்றிக் கேள்வி கேட்கலாமா? கேட்டால் ஏதாவது நடக்குமா?

கேட்கலாம். நடக்கவும் செய்யும். என்ன கேட்கிறீர்கள், எந்தக் கூட்டத்தில் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் உங்கள் ஊர் போலீஸ் கவச வண்டி வாங்கப் போவதாகக் கேள்வியின் விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எச்-1பி, எல்-1 மாதிரி ஒரு வேலை விசாவில் இருப்பீர்கள், "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

கலிஃபோர்னியாவில் உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லும் பிரவுன் சட்டம் 1953-லிருந்து இருக்கிறது. கவுன்சில் கூட்டத்துக்குள் வருவதற்கு உங்கள் பெயரைக்கூடப் பதிவு செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. குடியுரிமை, ஓட்டுரிமை எதையும் கேட்க மாட்டார்கள். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட்டாக வேண்டும். நிரலில் இருக்கும் எந்த விஷயத்தைப் பற்றியும் பொதுமக்கள் பேச வாய்ப்பு தர வேண்டும். நான் வக்கீல் இல்லை, இது சட்ட ஆலோசனையும் இல்லை. இன்றைய சூழலில் விசாவில் இருப்பவர்கள் பயப்படுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். மைக் முன்னால் நிற்கத் தயக்கமாக இருந்தால் எழுதி அனுப்புங்கள். அதுவும் பதிவில் சேரும்.

இரண்டாவது, ஏபி 481 (அசெம்பிளி பில் 481). டேவிட் சியூ சட்டமன்றத்தில் கொண்டுவந்து, 2021 செப்டம்பரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். ராணுவத் தளவாடம் என்று அதில் பட்டியலிட்ட எதையும் போலீஸ் வாங்குவதற்கு முன்னால், அதை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவோம் என்று ஒரு கொள்கை எழுத வேண்டும். அதை கவுன்சில் பொதுக் கூட்டத்தில் நகரச் சட்டமாக நிறைவேற்ற வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே வரைவு இணையத்தில் இருக்க வேண்டும். கவுண்டி ஷெரிஃப் என்றால் அந்தக் கவுண்டியின் மன்றமான போர்ட் ஆஃப் சூப்பர்வைசர்ஸ் நிறைவேற்ற வேண்டும்.

பட்டியல் நம் ஆட்கள் நினைப்பதைவிடப் பெரியது. கவச வண்டியோடு ட்ரோன், கதவு உடைக்கும் வெடி, கண்ணைக் கூசவைத்துப் பெருஞ்சத்தம் போடும் ஃப்ளாஷ் பேங், கண்ணீர்ப்புகை, மிளகாய்க் காரம் அடைத்த உருண்டையான பெப்பர் பால், குண்டு எறியும் 40 மில்லிமீட்டர் லாஞ்சர், பீன் பேக் குண்டு, காதைத் துளைக்கும் எல்ராட் ஒலிபெருக்கி எல்லாம் அதில் உண்டு. ராணுவத்திடமிருந்து வந்ததா, நகரத்தின் சொந்தப் பணத்தில் கடையில் வாங்கியதா என்பது கணக்கே இல்லை. "இது பென்டகன் கொடுத்தது இல்லையே" என்று யாராவது சொன்னால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள்.

பென்டகன் கொடுப்பது தனிக் கதை. 1033 திட்டம் என்று பெயர். 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் வந்தது. ராணுவத்துக்கு மிச்சமான பொருளை உள்ளூர் போலீசுக்குத் தள்ளிவிடுவார்கள். ராணுவம் முதலில் வாங்கிய விலைக் கணக்கில் இதுவரை 700 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. 2014-ல் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டதை எதிர்த்துப் போராட்டம் நடந்த மிசூரி மாநில ஃபெர்குசன் தெருக்களில் ராணுவப் பாணிக் கவச வண்டிகளை உலகமே பார்த்தது. ஒபாமா 2015-ல் சிலவற்றுக்குத் தடை போட்டார், டிரம்ப் 2017-ல் எடுத்தார், பைடன் 2022-ல் மறுபடி கட்டுப்பாடு வைத்தார், 2025 ஜனவரியில் அதுவும் ரத்தானது. வாஷிங்டனை நம்பி உட்கார முடியாது. ஊர் கவுன்சில் கொஞ்சம் நிலையானது. 2014-லேயே, ஏபி 481 வருவதற்கு முன்பே, கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகர கவுன்சில் தன் போலீஸ் 1033-ல் வாங்கிய, கண்ணிவெடியைத் தாங்கும் எம்ராப் வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னது. அதன் மதிப்பு சுமார் 6,89,000 டாலர், நகரத்துக்கு ஏறக்குறைய இலவசம். இலவசமாக வந்ததையே வேண்டாம் என்று சொல்ல முடிந்திருக்கிறது.

இனி என் அனுபவம். சான் பிரான்சிஸ்கோ அருகே கிழக்கு விரிகுடாப் பகுதியில் ஒரு நடுத்தர நகரம், பெயர் வேண்டாம். மருந்துக் கிடங்குகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. ஏபி 481 படி போலீஸ் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். எந்தப் பொருள் எத்தனை கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுத்தினார்கள், வந்த புகார்கள் என்ன, உள்தணிக்கையில் என்ன தெரிந்தது, பயிற்சி பராமரிப்பு உட்பட மொத்தச் செலவு எவ்வளவு, அடுத்த ஆண்டு இன்னும் என்ன வாங்க உத்தேசம் என எல்லாம் அதில் வேண்டும். ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை வைக்கச் சொல்வது போலத்தான். பலகை இருந்தால் மட்டும் போதாது, வரிசையில் நிற்பவர் அதைப் படிக்க வேண்டும்.

நான் படித்தேன். முந்தைய ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பெப்பர் பால் வரியில் பழைய இருப்போடு புதிதாக வாங்கியதைக் கூட்டி, பயன்படுத்தியதைக் கழித்தால், கையிருப்பாகக் காட்டியதைவிடப் பல நூறு அதிகமாக வந்தது. அத்தனை உருண்டைகளும் எங்கே போயின என்பதற்கு அறிக்கையில் ஒரு சொல் இல்லை. கண்ணீர்ப்புகைக் குப்பிகளிலும் அதே கதை. புகார்கள் என்ற இடத்தில் "எதுவும் இல்லை" என்று ஒரே வரி. திருட்டு என்று நான் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை. மருந்துக் கிடங்கில் இப்படி ஒரு தாள் வந்தால் தணிக்கையாளர் கையெழுத்துப் போடமாட்டார், அவ்வளவுதான்.

அந்த அறிக்கையை கன்சென்ட் காலண்டரில் போட்டிருந்தார்கள். இது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். விவாதம் தேவையில்லை என்று கருதும் விஷயங்களை மூட்டையாகக் கட்டி ஒரே ஓட்டில் நிறைவேற்றும் பட்டியல் அது. நடைபாதைப் பழுது ஒப்பந்தத்துக்கும் நூலகக் கூரைக்கும் நடுவில் போலீசின் ராணுவத் தளவாடம். எங்கள் வார்டு கவுன்சில் உறுப்பினருக்கு முந்தைய நாளே மின்னஞ்சல் எழுதி, இதைத் தனியாக எடுக்கச் சொன்னேன். என் கணக்கையும் ஒரே பக்கத்தில் இணைத்தேன். அந்த அம்மா எடுத்தார்.

என்னைப் பேச அழைத்தபோது அரசியல் எதுவும் பேசவில்லை. இரண்டு அறிக்கைகளின் எண்களையும் வாசித்தேன். வித்தியாசம் எங்கே போனது என்று கேட்டேன், உட்கார்ந்தேன். அந்த உறுப்பினர் போலீஸ் சீஃபைப் பார்த்து, "இதற்குப் பதில் வேண்டும்" என்றார். ஒரு லெஃப்டினன்ட் எழுந்து வந்து, பயிற்சியில் செலவானது, காலாவதியாகி அழித்தது என்று விளக்கினார். மரியாதையாகவே சொன்னார். நான் அதை நம்புகிறேன். அப்படியானால் அறிக்கையில் அது இருக்க வேண்டும் அல்லவா? பயிற்சியில் செலவானது, அழித்தது இரண்டுக்கும் தனி வரி வேண்டும், அடுத்த அறிக்கைக்கான மக்கள் சந்திப்பை மாலையில் வைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு கவுன்சில் அந்தக் கொள்கையைப் புதுப்பித்தது. சட்டப்படி அந்தச் சந்திப்பு மக்களுக்கு வசதியான இடத்தில் நடக்க வேண்டும், ஆனால் நேரமும் வசதியாக இருக்க வேண்டும் அல்லவா? எங்கள் ஊரில் வேலை நாளில் பிற்பகல் 3 மணிக்கு வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில் அந்த இரண்டு வரிகளும் இருந்தன. சந்திப்பு இரவு 7 மணிக்கு நடந்தது.

இவ்வளவுதானா என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், இவ்வளவுதான். எனக்கு இது பெரிது.

"போலீஸ் விரோதி" என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பவர்களுக்கு: எங்கள் காரிலிருந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போன காலையில் நான் கூப்பிட்டது போலீசைத்தான். பள்ளியில் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தால் கவச வண்டி வரத்தான் வேண்டும் என்று நானும் சொல்வேன். யார் அனுமதித்தார்கள், எதற்கு அனுமதித்தார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், என் சொந்த ஊர் தூத்துக்குடி. 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அமைத்தார்கள். அது விசாரித்து முடித்து இறுதி அறிக்கையைக் கொடுத்தபோது 2022 மே ஆகிவிட்டது. எந்தத் துப்பாக்கி, யார் உத்தரவு என்ற கேள்வியெல்லாம் பிணம் விழுந்த பிறகுதான் தாளில் ஏறியது. சுடுவதற்கு முன்னால், ஆயுதத்தை வாங்குவதற்கும் முன்னால், ஓர் ஊர்க்காரர் எழுந்து "இது எதற்கு?" என்று கேட்கச் சட்டமே இடம் தருகிறது என்று இங்கே வந்து தெரிந்துகொண்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கூட்டத்துக்குப் போன செய்தி எங்கள் தமிழர் வாட்சாப் குழுவில் பரவியதும், நான் மதிக்கும் ஓர் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, பொழைக்க வந்த எடத்துல எதுக்கு வம்பு? கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அக்கறையில்தான் சொன்னார். "எப்ப வரும்ணே?" என்று கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை.

ஏனென்றால் யாரிடமும் பதில் இல்லை. ஆண்டுதோறும் வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டில் எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சின்ன நாட்டுக்கும் 7, இந்தியாவுக்கும் 7. ஈபி-2 என்ற வேலைவழிப் பிரிவின் வரிசையில் இந்தியர்களுக்குத் தேதி பத்தாண்டுக்கு மேல் பின்னால் நிற்கிறது, சில மாதங்களில் இன்னும் பின்னால் போகிறது. என் மகள் இங்கே வந்தபோது கைக்குழந்தை. 21 வயதாகிவிட்டால் என் விசாவின் நிழலிலிருந்து அவள் வெளியே வந்துவிடுவாள், அவள் வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவியாக விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரி, சொத்து வரி, சோஷியல் செக்யூரிட்டி எல்லாம் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மாதமும் இந்த வரிசைத் தேதியைச் சொல்லும் விசா புல்லட்டினைத் திறந்து பார்க்கும் குடும்பங்களுக்கு இந்த வலி தெரியும். நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் "கார்டு வரட்டும்" என்று காத்திருந்தால் நம்மில் பலர் வாழ்நாள் முழுக்க வாய் திறக்காமலே போய்விடுவோம். அந்த வண்டி நம் வரிப் பணத்திலும்தான் வருகிறது.

"கவுன்சில் எப்படியும் ஆமாம் போடும், இந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை" என்று சொல்பவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோவைக் காட்டுவேன். 2022-ல் இதே ஏபி 481-க்காக வரைந்த கொள்கையில், எந்த மனிதர் மீதும் பலப்பிரயோகத்துக்கு ரோபோவைப் பயன்படுத்தக் கூடாது என்று, அங்கே நகர மன்ற உறுப்பினராக இருந்த சூப்பர்வைசர் ஆரன் பெஸ்கின் ஒரு வரி சேர்த்தார். போலீஸ் தரப்பு அந்த வரியைச் சிவப்புக் கோடு போட்டு அடித்தது. கடைசியில் வெடிகுண்டு பொருத்திய ரோபோவால் ஆளைக் கொல்லலாம் என்று நவம்பர் 29 அன்று 8-க்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியது. நாடு முழுக்கச் செய்தி, நகர மன்ற வாசலில் போராட்டம். டிசம்பர் 6 அன்று அதே மன்றம் கொல்லும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. வரைவை வெளியிட வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால் அந்தச் சிவப்புக் கோடு ஊருக்குத் தெரிந்தே இருக்காது.

உங்கள் கவச வண்டிக்கு வருகிறேன். கவுன்சில் ஒப்புதல் தர வேண்டுமென்றால் சில விஷயங்களில் அது திருப்தி அடைந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதே பாதுகாப்பைத் தரக்கூடிய வேறு நியாயமான வழி இல்லை என்பது ஒன்று. மக்களின் நலனையும் உரிமைகளையும் கொள்கை காப்பாற்றும் என்பது இன்னொன்று. வாங்குவதாக இருந்தால், மாற்று வழிகளோடு ஒப்பிட்டுச் செலவு நியாயமானது என்பதும் வேண்டும். உங்கள் பலம் முதலாவதிலும் கடைசியிலும் இருக்கிறது. பக்கத்து நகரத்திடமோ ஷெரிஃபிடமோ இப்படி ஒரு வண்டி ஏற்கெனவே இருக்கிறதா, கடந்த ஆண்டுகளில் எத்தனை முறை அதை இரவல் கேட்டீர்கள், எத்தனை முறை கிடைக்கவில்லை என்று கேளுங்கள். பேர்கேட் மாதிரி வண்டி மூன்று லட்சம் டாலரைத் தாண்டும். டயர், பராமரிப்பு, ஓட்டுநர் பயிற்சி எல்லாம் ஆண்டுதோறும் தனி. போராட்டம், ஊர்வலம் நடக்கும்போது அதைக் கொண்டுவர மாட்டோம் என்ற வரி கொள்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த வாசகத்தை உறுப்பினர்கள் எடுத்துக்கொள்வது சுலபம்.

நிரலில் இல்லாத நாளில் போய்ப் பேசாதீர்கள். நிரலில் இல்லாத விஷயத்தில் கவுன்சில் முடிவெடுக்க முடியாது, தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். சிட்டி கிளர்க் அலுவலகத்தில் கேட்டால் எந்தத் தேதியில் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

உங்கள் ஊர் அறிக்கையின் இணைப்பைக் கீழே போடுங்கள், முந்தைய ஆண்டுடையதும் இருந்தால் இன்னும் நல்லது. வார இறுதியில் இருப்புக் கணக்கைச் சரிபார்த்து இங்கேயே எழுதுகிறேன்.