தூண்டில் படகும் ஸ்பீட் போட்டும் ஒரே ஏரியில்: வாசகர் கேள்வி பதில்

சிறு படகில் தூண்டில் போடுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை மீனைப் பற்றி இல்லை, ஏரியில் ஓடும் மோட்டார் படகுகளைப் பற்றித்தான். துடுப்புப் படகுக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள், ஸ்பீட் போட் வைத்திருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் கோபம் இருக்கிறது. இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என்னுடையது பன்னிரண்டு அடிப் படகு. ஸ்பீட் போட்காரர்கள் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்கிறார்கள். ஆனால் குறைக்காமல் போகிறவர்களை விட இவர்கள் கிளப்பும் அலைதான் என் படகை அதிகம் தூக்கிப் போடுகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

இல்லை. பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அரைகுறையாகச் செய்கிறார்கள். இந்த ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் ஏரிகளில் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இருக்காது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மோட்டார் படகுக்கு மூன்று நிலைகள் உண்டு. மெதுவாகப் போகும்போது தண்ணீரை விலக்கிக்கொண்டு மட்டமாகப் போகும், அலை மிகச் சிறியது. முழு வேகத்தில் படகு எழும்பி, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது உடலின் சிறு பகுதிதான் தண்ணீரைத் தொடுவதால், அந்த வேகத்துக்கு நாம் எதிர்பார்க்கிற அளவு அலை எழாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தொல்லை பிடித்த நிலை. பின்பக்கம் அமிழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, படகு தண்ணீரை உழுதுகொண்டு போகும். இருப்பதிலேயே பெரிய அலை இங்கேதான் எழுகிறது. உங்களைப் பார்த்து "சரி, கொஞ்சம் குறைப்போம்" என்று பாதி வேகத்துக்கு வருகிறவர் நேராக இந்த நிலைக்குள்தான் வந்து நிற்கிறார். போதாததற்கு முன்பக்கம் தூக்கியிருப்பதால் எதிரில் இருப்பதும் அவருக்குச் சரியாகத் தெரியாது.

அலையின் உயரம் இரட்டிப்பானால் அது சுமந்துவரும் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால் பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரிது என்று தோன்றுகிற அலை உங்கள் படகுக்குள் தண்ணீரைக் கொட்டிவிடுகிறது.

ஆகவே மோட்டார் படகு ஓட்டுகிறவர்களுக்கு நேரடியாகச் சொல்கிறேன்: குறைப்பதென்றால் முழுக்கக் குறையுங்கள். படகு மட்டமாக உட்கார்ந்து, பின்னால் வெள்ளை நுரை இல்லாமல் போகிற அளவுக்கு. அதையும் சிறு படகுக்குப் பக்கத்தில் வந்து செய்யாதீர்கள், தூரத்திலேயே செய்துவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் வேகம் குறைத்த பிறகும் உங்கள் பழைய அலை உங்களைத் தாண்டி அவரை நோக்கிப் போகும். குறைக்க முடியாத சூழ்நிலை என்றால் வேகத்தை மாற்றாமல் நன்றாக விலகிப் போய்விடுங்கள். இந்த இரண்டில் ஒன்றுதான் மரியாதை.

அப்புறம் இப்போது பரவிவரும் வேக்சர்ஃப் படகுகள். படகு எழுப்பும் அலையின் மேலேயே பலகையில் நின்று சறுக்குவதுதான் வேக்சர்ஃப். அவை தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி, பின்பக்கத்தை வேண்டுமென்றே அமிழ்த்தி, அந்த நடு நிலையிலேயே ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. பெரிய அலைதான் அந்த விளையாட்டே. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாதாரணப் படகின் அலை 60 மீட்டர் தள்ளி எந்த அளவுக்கு அடங்குகிறதோ அந்த அளவுக்கு இந்த அலை அடங்க 150 மீட்டருக்கு மேல் வேண்டும். குறுகலான ஏரியில் அந்த இடைவெளி கிடைக்காது. கிடைக்காத இடத்தில் அந்த விளையாட்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: நான் வாட்டர் ஸ்கீயிங் (வேகப் படகு இழுக்க, தண்ணீரின் மேல் சறுக்குவது) செய்கிறவன். ஏரி எல்லோருக்கும் பொது. மூலையில் உட்கார்ந்திருக்கும் நான்கு தூண்டில்காரர்களுக்காக நாங்கள் ஏன் ஊர்ந்து போக வேண்டும்?

பொது என்பது சரி. ஆனால் எண்ணிக்கையை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. நான்கு தூண்டில்காரர்கள் ஒரு மூலையில் இருப்பதால் உங்கள் ஸ்கீயிங் கெடுவதில்லை, அவர்களைச் சுற்றிப் போனால் போதும். உங்கள் ஒரு படகு ஓடினாலோ ஏரி முழுவதும் அவர்களுக்கு உட்கார முடியாததாக மாறக்கூடும். ஒருவர் அனுபவிப்பது இன்னொருவர் அனுபவிப்பதை ஒரே திசையில் மட்டும் அழிக்கிறது என்றால், விட்டுக்கொடுக்க வேண்டிய கடமை அந்த அழிக்கிற பக்கத்தில்தான் அதிகம் விழும். இதை உங்கள் மீது குற்றமாகச் சொல்லவில்லை. எஞ்சின் கையில் இருப்பவருக்கு வரும் பொறுப்பு இது.

நீங்கள் விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியைப் பாருங்கள். பக்கத்து ஏரிகளில் முன்பே வேக வரம்பு வந்துவிட்டதால் வேகப் படகுகளும் ஸ்கீயிங்கும் விண்டர்மியரில் குவிந்தன. பல ஆண்டுகள் வழக்கும் விசாரணையுமாக இழுத்துக்கொண்டுபோய், கடைசியில் 2005-ல் முழு ஏரிக்கும் வேக வரம்பு வந்தது. அந்த வேகத்தில் ஸ்கீயிங் செய்யவே முடியாது. பேசித் தீர்க்கும் கட்டம் தாண்டிப்போனால் தீர்ப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு முழுசாகப் போய்விடும், அது உங்கள் பக்கமாக இருக்காது.

ஐரோப்பாவில் மூன்று நாடுகள் பகிர்ந்துகொள்ளும் கான்ஸ்டன்ஸ் ஏரியில் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். கரையிலிருந்து 300 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டர், அதற்கு வெளியே பகலில் 40 கிலோமீட்டர் வரை போகலாம். கரையோரம் மெதுவானவர்களுக்கு, நடு ஏரி வேகமானவர்களுக்கு. பெரிய ஏரிக்கு இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். பல வகை மீன்கள் வெளிச்சம் குறைவான விடியலிலும் அந்தியிலும்தான் நன்றாக இரை எடுக்கும். உங்களுக்கு வேண்டியதோ வெயிலும் வெதுவெதுப்பான தண்ணீரும். இரண்டு கூட்டத்துக்கும் தேவைப்படும் நேரமே வேறு வேறு. காலையில் இரண்டு மணி நேரம் பொறுத்தால் நாள் முழுக்கச் சண்டையில்லாமல் ஓட்டலாம்.

கேள்வி: தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் படகுக்கு மற்ற எல்லாப் படகும் வழிவிட வேண்டும் என்பதுதானே சட்டம்?

தூண்டில்காரர்களிடம் மிகப் பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை இது. கடல் போக்குவரத்துக்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் "மீன்பிடியில் ஈடுபட்டுள்ள கலம்" என்று ஒரு வகை உண்டு, அதற்குச் சாதாரண மோட்டார் கலம் வழிவிட வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் வலையோ வேறு கருவியோ போட்டுத் திரும்ப முடியாத நிலையில் இருக்கும் கலத்துக்குத்தான் அந்தச் சலுகை. படகை ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டில் கயிறை இழுத்துப் போவதை அந்த விதி பெயர் சொல்லியே விலக்கிவிடுகிறது. பல நாடுகளின் உள்நாட்டு நீர்நிலை விதிகளும் இதே அடிப்படையில்தான் எழுதப்பட்டவை, இருந்தாலும் உங்கள் ஏரிக்கென்று தனி விதி இருந்தால் அதுதான் செல்லும், படித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக மோட்டார்காரர் இஷ்டம்போல ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. எந்த வகைப் படகானாலும் முந்திப் போகிறவர்தான் விலகிப் போக வேண்டும். இரண்டு மோட்டார் படகுகள் குறுக்கே சந்தித்தால், தன் வலப்பக்கத்தில் மற்றவரைப் பார்க்கிறவர் வழிவிட வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போதும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. ஸ்கீயரை இழுக்கும் படகில் பின்னால் பார்க்கத் தனியாக ஓர் ஆள் இருக்கட்டும். ஓட்டுகிறவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது மிக ஆபத்து.

தூண்டில்காரர்களும் குறுகிய வாய்க்கால் நடுவிலோ, படகு இறக்கும் சரிவுக்கு முன்னாலோ நங்கூரம் போடாதீர்கள். மீன் அங்கேதான் நிற்கிறது என்பது காரணமாகாது.

கேள்வி: மோட்டார் சத்தத்தால் உண்மையில் மீன் பாதிக்கப்படுகிறதா, அல்லது மீன் கிடைக்காதவர்கள் சொல்லும் சாக்கா?

பாதிக்கப்படுகிறது. லார்ஜ்மவுத் பாஸ் மீன்களின் இதயத் துடிப்பை அளந்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. துடுப்புச் சத்தம், மின் மோட்டார், பெட்ரோல் எஞ்சின் மூன்றுக்குமே மீனின் இதயம் வேகமெடுத்தது, ஆனால் துடுப்புக்குக் குறைவாகவும் பெட்ரோல் எஞ்சினுக்கு மிக அதிகமாகவும். பெட்ரோல் எஞ்சின் சத்தத்துக்குப் பிறகு மீன் பழைய நிலைக்குத் திரும்பவும் அதிக நேரம் பிடித்தது. அதற்காக ஒரு படகு போனதும் மீன் ஏரியை விட்டே ஓடிவிடும் என்று சொல்ல மாட்டேன், தினமும் படகு ஓடும் ஏரிகளிலும் மீன் பிடிபடத்தான் செய்கிறது.

எனக்கு இதைவிடக் கவலை ஆழமில்லாத இடங்களைப் பற்றித்தான். ப்ரொபெல்லர் அடிச்சேற்றைக் கிளறினால் அதில் படிந்திருக்கும் பாஸ்பரஸ் மேலே வந்து பாசிக்கு உணவாகிறது, தண்ணீர் கலங்கினால் நீர்ச்செடிக்கு வெளிச்சம் போகாது, செடி போனால் மீன் குஞ்சுக்கு ஒளிய இடம் இல்லை. ஆழமற்ற பகுதியிலும் நாணல் ஓரத்திலும் வேகமாக ஓட்டுவதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. சின்ன மோட்டார் வைத்திருக்கும் தூண்டில்காரர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: பெரிய அலை வரும்போது சிறு படகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு தூண்டில் வீசும்போது பக்கவாட்டில் அலை அடித்தால் நேராகத் தண்ணீருக்குள்தான். அலைக்குப் பக்கத்தைக் காட்டாமல் படகின் முன்முனையை அலையை நோக்கி, சற்றே சாய்வாகத் திருப்புங்கள். ஓடிப்போகப் பார்க்காதீர்கள், பின்பக்கம் தாழ்வாக இருக்கும் படகில் பின்னாலிருந்து அலை ஏறிவிடும்.

இதே காரணத்துக்காக நங்கூரத்தை ஒருபோதும் பின்பக்கத்தில் கட்டாதீர்கள், முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். கயிறும் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விடுங்கள். கயிறு குட்டையாக இருந்தால் அலை தூக்கும்போது படகு எழ முடியாமல் தண்ணீர் உள்ளே வரும்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைப்பதில் பயனில்லை, உடம்பில் போட்டிருக்க வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஆண்டறிக்கைகளில் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே கணக்குதான் வருகிறது: படகு விபத்தில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் நீரில் மூழ்கி இறந்தவர்கள், அப்படி மூழ்கியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். இதைப் படித்த பிறகும் போடாமல் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கயாக் மாதிரி தாழ்வான படகு என்றால் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை, முடிந்தால் உயரமான கொடி ஒன்று. எதிர்வெயிலில் பச்சைச் சட்டை போட்டவரை வேகமாக வருகிறவரால் பார்க்க முடியாது. இருட்டில் நங்கூரமிட்டு நின்றால் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும்.

கேள்வி: எங்கள் ஏரியில் மோட்டாரையே முழுசாகத் தடை செய்யக் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். ஆதரிப்பீர்களா?

ஏரியின் அளவைச் சொல்லவில்லையே. சின்ன ஏரி என்றால் வேகத் தடையை ஆதரிப்பேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 50 ஏக்கரும் அதற்குக் குறைவாகவும் உள்ள ஏரிகளில் அலை எழுப்பாத வேகம்தான் பொதுவிதி. அங்கே மோட்டாரைத் தடுக்கவில்லை, அலையைத்தான் தடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் காட்டுப்பகுதியில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான ஏரிகளில் மோட்டாரையே விலக்கி, சிலவற்றில் மட்டும் 10 அல்லது 25 குதிரைத்திறன் என்று வரம்பு வைத்தது. அது காடாகவே காப்பாற்ற வேண்டிய இடம், அங்கே அது சரி.

பெரிய ஏரியில் முழுத் தடை கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். துடுப்புப் போட முடியாத வயதானவர்களும் உடல் முடியாதவர்களும் சின்ன மோட்டாரை நம்பித்தான் மீன்பிடிக்க வருகிறார்கள், உங்கள் கையெழுத்துத் தாள் முதலில் அவர்களைத்தான் ஏரியை விட்டு வெளியேற்றும். கரையோரத்தில் மெதுவேகப் பட்டை, ஆழமற்ற விரிகுடாக்களில் அலைத் தடை, காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் வேகத் தடை என்று குறிப்பாகக் கேளுங்கள். எல்லை தெரிய மிதவைகள் வேண்டும் என்றும் கேளுங்கள், மிதவை இல்லாத எல்லையை ஓட்டுகிறவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அந்தத் தாளை ஸ்கீயிங் செய்கிறவர்களிடமும் கொண்டுபோங்கள். அவர்களில் சிலர் கையெழுத்துப் போடுவார்கள், அந்தக் கையெழுத்துகளோடு போகும் மனுவை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்க முடியாது.