சலுகை, கட்டாயம், கட்சி – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல வருடங்களாக டல்லாஸில் இருக்கிறேன். வார இறுதிகளில் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கூடுவோம். சாப்பாடு முடிவதற்குள் அமெரிக்க அரசியல் வந்துவிடும், அப்புறம் குரல் உயரும். நான் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோலிண்ட்ரா என்ற சூரியத்தகடு நிறுவனத்தின் 53.5 கோடி டாலர் கடனுக்கு ஒபாமா அரசு உத்தரவாதம் கொடுத்தது, 2011-ல் அது திவாலானது என்று நான் சொன்னால், விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனத்துக்கு உங்கள் ஆட்கள் கொடுத்தது என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உன் சேனல் அதைச் சொல்லாது, உன் பேப்பர் இதைச் சொல்லாது என்பதோடு சண்டை நின்றுவிடும்.

அரசும் பெருநிறுவனங்களும் கைகோக்கும் விஷயத்தில் கட்சிப் பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று நழுவுவதாகவே எனக்குப் பட்டது. தனிமனிதனை அரசு கட்டாயப்படுத்துவது இடதுசாரிகளின் இயல்பு. ஊடகங்கள் பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை. இதுதான் என் கருத்து. நான் சொல்வது தவறா? தவறு என்றால் எதைப் படிப்பது, யாரை நம்புவது?

கே., டல்லாஸ்

*

அன்புள்ள கே.,

‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். எனக்கு ஒரு பக்கம் உண்டு. ஒரு குடும்பம் விற்க விரும்பாத வீட்டை அரசு பிடுங்கி இன்னொரு தனியாரிடம் கொடுப்பது அநியாயம். எவ்வளவு விலை கொடுத்தாலும் அநியாயம்தான். ரோடு, அணை, பள்ளிக்கூடம் என்றால் பேச இடமிருக்கிறது. ஒரு கம்பெனிக்காக என்றால் எனக்குப் பேச ஒன்றுமில்லை. இந்த இடத்தில் நின்று பார்க்கும்போது, நியாயத்துக்கு நின்றவர்களும் அநியாயத்துக்குத் துணைபோனவர்களும் இரண்டு கட்சிகளிலும் கலந்துகிடக்கிறார்கள். பெயர் சொல்லியே பேசுவோம்.

கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஒரு சிறிய கடலோர நகரம். அங்கிருந்த கடற்படை ஆய்வு நிலையம் மூடப்பட்டு, வேலைகள் போய், ஊர் நொடித்துக் கிடந்தது. 1998-ல் ஃபைசர் மருந்து நிறுவனம் அங்கே ஆராய்ச்சி மையம் கட்டப்போவதாக அறிவித்தது. பத்து ஆண்டுகளுக்குச் சொத்துவரியில் 80 சதவீதத் தள்ளுபடி அதற்குக் கிடைத்தது. பக்கத்தில் ஃபோர்ட் டிரம்புல் என்ற குடியிருப்பு. அதையும் சேர்த்து சுமார் 90 ஏக்கரில் ஹோட்டல், அலுவலகங்கள், புது வீடுகள் என்று திட்டம் போட்டார்கள். நிலம் எடுக்கும் அதிகாரத்தை நகரமன்றம் ஒரு தனியார் வளர்ச்சிக் கழகத்தின் கையில் கொடுத்தது. பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். ஒன்பது பேர் மறுத்தார்கள், அவர்களிடம் 15 சொத்துகள் இருந்தன. அவர்களில் ஒருவர் சூசெட் கீலோ. தண்ணீரைப் பார்த்தபடி இருந்த தன் சிறிய வீட்டை ஆசை ஆசையாகப் புதுப்பித்து வைத்திருந்தவர். இன்னொருவர் வில்ஹெல்மினா டெரி. 1918-ல் அந்த வீட்டிலேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்து முதுமையடைந்தவர். இந்த வீடுகள் பழுதடைந்தவை என்று நகரம்கூடச் சொல்லவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்தால் வரி கூடும், வேலை வரும் என்பதுதான் காரணம்.

2005 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தாராளவாதிகள் என்று அறியப்பட்டவர்கள் நகரத்தோடு நின்றார்கள், வீட்டுக்காரர்களுக்காக வாதிட்டது வலதுபக்கம் என்பது உண்மை. இதை உங்கள் வாதத்துக்கு ஆதரவாக நீங்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. பெரும்பான்மைத் தீர்ப்பில் கையெழுத்திட்ட ஐவரில் ஸ்டீவன்ஸ், கென்னடி, சூட்டர் மூவரும் குடியரசுக் கட்சி ஜனாதிபதிகளால் நியமிக்கப்பட்டவர்கள். திட்டத்தை முன்னின்று நடத்திய மாநில ஆளுநர் ரோலண்ட் குடியரசுக் கட்சிக்காரர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. கீலோவுக்கு ஆதரவாக மனு போட்டது. ஏன் போட்டது என்பதை மாறுபட்ட தீர்ப்பெழுதிய கிளாரன்ஸ் தாமஸின் வரிகளிலேயே பார்க்கலாம்: 1949 முதல் 1963 வரை ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில், இனம் பதிவானவர்களில் 63 சதவீதம் வெள்ளையர் அல்லாதவர்கள். நீதிமன்றத்தின் மிகத் தீவிரமான பழமைவாதி எழுதிய அந்தப் பத்தியை உங்கள் ஜனநாயகக் கட்சி நண்பர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

அடுத்த மாதமே ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் டொனால்ட் டிரம்ப் இந்தத் தீர்ப்பை நூறு சதவீதம் ஏற்பதாகச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் பிரதிநிதிகள் சபையில், இப்படி நிலம் எடுக்கும் ஊர்களுக்கு மத்திய அரசின் நிதியை நிறுத்தும் மசோதா 376-க்கு 38 என்ற வாக்கில் நிறைவேறியது. கொண்டுவந்தவர் விஸ்கான்சின் குடியரசுக் கட்சிக்காரர் சென்சன்பிரென்னர், அவரோடு நின்று வாதாடியவர் கலிஃபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மேக்ஸின் வாட்டர்ஸ். செனட்டில் அது கிடப்பில் போடப்பட்டது. ஃபைசர் 2009-ல் நியூ லண்டனை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. வீடுகளை இடித்த இடம் பல ஆண்டுகள் வெறும் கட்டாந்தரையாகவே கிடந்தது.

இனி ஊடகம். நீங்கள் சொல்லும் சார்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஊடகங்களை நம்புவதாகச் சொன்ன அமெரிக்கர்கள் கேலப் கருத்துக்கணிப்பில் 1976-ல் 72 சதவீதம், 2024-ல் 31 சதவீதம். மக்கள் காரணமில்லாமல் இப்படி விலகமாட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் கீலோ தீர்ப்பை மறுநாளே தலையங்கத்தில் வரவேற்றது. அதே தலையங்கத்தில், தன் புதிய தலைமையகம் எழும் மனையும் இப்படிக் கையகப்படுத்தப்பட்டதுதான், அதனால் தான் பயனடைந்தேன் என்றும் எழுதியது. ஒளிக்காமல் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் அந்தத் தலையங்கத்தை வெறும் இடதுசாரிக் கொள்கையாக என்னால் படிக்க முடியவில்லை. அங்கே பேசியது ஒரு கட்டடத்தின் உரிமையாளரும்தான். அந்த மனையை எடுத்துக்கொடுத்தது குடியரசுக் கட்சி ஆளுநர் பட்டாகியின் காலத்து மாநில அரசு. கொள்கைச் சார்பைத் தேடுகிறவர்கள் சொத்துச் சார்பைத் தவறவிடுகிறார்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சோலிண்ட்ராவை உங்கள் சேனல் மாதக்கணக்கில் பேசியது, ஃபாக்ஸ்கானை நண்பர்களின் சேனல் பேசியது. இரண்டும் ஒரு கட்சிக்கு லாபமான செய்திகள், ஆகவே ஒளிந்துவிடவில்லை. எந்தக் கட்சிக்கும் லாபமில்லாத செய்தியை யார் பேசுவது?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆர்லிங்டனில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணிக்காக 1991-ல் விற்பனை வரியை அரை சென்ட் உயர்த்த வாக்கெடுப்பு நடந்தது. பொதுப்பணம் 13.5 கோடி டாலர் அரங்கத்துக்குள் போனது. தேவைக்கு மேலேயே நிலம் எடுக்கப்பட்டது, நில உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அணியின் பங்குதாரர்களில் ஒருவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அவர் போட்டது சுமார் ஆறு லட்சம் டாலர், 1998-ல் அணி விற்கப்பட்டபோது கிடைத்தது சுமார் ஒன்றரைக் கோடி டாலர். பிறகு 2006-ல், கீலோ தீர்ப்பின் முதலாண்டு நிறைவன்று, தனியார் லாபத்துக்காக மத்திய அரசு நிலம் எடுக்கக் கூடாது என்ற ஆணையில் கையெழுத்திட்டவரும் அவர்தான். 2004-ல் அதே ஆர்லிங்டன் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் அரங்கத்துக்கு 32.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, அதற்காகவும் வீடுகள் கையகப்படுத்தப்பட்டன. 1994-ல் திறந்த ரேஞ்சர்ஸ் அரங்கம் பழசாகிவிட்டது என்று 2016-ல் இன்னொரு வாக்கெடுப்பு, இன்னொரு 50 கோடி டாலர் வரை. விளையாட்டு அரங்கங்களுக்குப் போடும் பொதுப்பணம் திரும்பி வருவதில்லை என்பதில் இடது, வலது பொருளாதார நிபுணர்கள் இருவரும் அநேகமாக ஒத்துப்போகிறார்கள். ஆனாலும் எந்தச் சேனலும் இதற்குக் கொந்தளிக்கவில்லை. நகரமன்றத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, அணியை ரசிப்பவர்கள் இரண்டு கட்சியிலும் இருக்கிறார்கள். உங்கள் வார இறுதிச் சண்டைகளில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது வந்திருக்கிறதா? ஆர்லிங்டனில் நீங்கள் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும்போது கட்டும் வரிதான் இது.

ஃபாக்ஸ்கான் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி, ஆனால் பாதிதான். நமக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் அதே நிறுவனம். 2017-ல் விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்பந்தம் போட்டார். பதிலுக்கு 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று பேச்சு. வரிச்சலுகை என்று பெயரே தவிர, அந்த மாநிலத்தில் உற்பத்தி நிறுவனங்களுக்கு ஏற்கெனவே வருமான வரி அநேகமாக இல்லை. ஆகவே பெரும்பகுதியை ரொக்கமாகவே தர வேண்டியிருந்தது. எல்லாம் சொன்னபடி நடந்தாலும் 2043 வாக்கில்தான் போட்ட பணம் திரும்பும் என்று சட்டமன்றத்தின் கட்சி சாராத நிதி அலுவலகம் எழுதியே கொடுத்தது. தெரிந்தேதான் வாக்களித்தார்கள். அந்தப் பகுதியின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சிலரும் சேர்ந்து வாக்களித்தார்கள்.

கட்டாயம் நடந்த இடம் மவுண்ட் பிளசன்ட் என்ற கிராமம். கீலோ தீர்ப்புக்குப் பிறகு விஸ்கான்சின், நல்ல நிலையில் உள்ள வீட்டைத் தனியாருக்காக எடுக்கக் கூடாது என்று 2006-ல் சட்டம் போட்டிருந்தது. அதைத் தாண்ட கிராம சபை என்ன செய்தது? 2018 ஜூனில் சுமார் 2,800 ஏக்கரைப் ‘பாழ்பட்ட பகுதி’ என்று அறிவித்தது. அதற்குள் விளைநிலங்கள் இருந்தன, நன்றாகப் பராமரிக்கப்பட்ட வீடுகள் இருந்தன. தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைப் பாழ்பட்டது என்று அரசு முத்திரை குத்துவதை ஒரு மனிதர் எப்படித் தாங்குவார்? வழக்கென்று போனால் இந்த அதிகாரம் பாயும் என்று தெரிந்ததும் பலர் விற்றார்கள். அதே மாதம் டிரம்ப் வந்து இந்தத் தொழிற்சாலையை உலகின் எட்டாவது அதிசயம் என்றார்.

2021-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது: 67.2 கோடி டாலர் முதலீடு, 1,454 வேலை, 8 கோடி டாலர் சலுகை. வேலை வந்தால்தான் பணம் என்ற நிபந்தனை பழைய ஒப்பந்தத்தில் இருந்ததால் மாநிலக் கருவூலம் பெரும்பாலும் தப்பித்தது. நிலத்துக்கும் ரோட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கடன் வாங்கியது கிராமமும் மாவட்டமும். ஃபாக்ஸ்கான் ஒப்புக்கொண்ட சொத்துவரியைக் கட்டிவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் போன வீடுகள் போனவைதான்.

நண்பர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள், நீங்கள் தொடருங்கள். 2018 நவம்பரில், ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் கியூமோவும் மேயர் டி பிளாசியோவும் அமேசானின் அலுவலகத்துக்காக நியூயார்க்கில் இதே போல ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகை அறிவித்தார்கள். எதிர்த்து நின்றவர்களும் அவர்கள் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள், 2019 பிப்ரவரியில் அமேசான் பின்வாங்கியது. விஸ்கான்சினில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் எவர்ஸ், குடியரசுக் கட்சி சட்டமன்றம் அனுப்பிய தரவு மையங்களுக்கான விற்பனை வரி விலக்கில் 2023-ல் கையெழுத்திட்டார். 2024 மே மாதம் பைடன் மவுண்ட் பிளசன்ட் பக்கத்துக்கு வந்து, ஃபாக்ஸ்கானுக்கு ஒதுக்கிய நிலத்தில் மைக்ரோசாஃப்ட் 330 கோடி டாலரில் தரவு மையம் கட்டுவதைக் கொண்டாடினார், டிரம்பின் தோல்வியையும் சுட்டிக்காட்டினார். அந்த நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்ற கேள்வி இரண்டு கட்சிக்கும் இப்போது தேவையில்லாததாகிவிட்டது.

நம்பிக்கை தரும் ஆட்களும் இருக்கிறார்கள். 1981-ல் டெட்ராய்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காக போல்டவுன் என்ற குடியிருப்பை நகரம் எடுத்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் தேவாலயங்களும் இடிக்கப்பட்டன. ஜனநாயகக் கட்சி மேயர் கோல்மன் யங்கும் தொழிற்சங்கமும் ஆலையின் பக்கம் நின்றார்கள். அந்த மக்களுக்காக வந்து நின்றவர், இடதுசாரி என்று எல்லோரும் அறிந்த ரால்ஃப் நேடர். அப்போது மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2004-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று ரத்துசெய்தது.

எதைப் படிப்பது என்று கேட்டீர்கள். சேனல்களை விடுங்கள். 2005-க்குப் பிறகு அமெரிக்காவில் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிற்றூர் வாரப் பத்திரிகைகள். வீடு பறிபோகும் தீர்மானம் வாஷிங்டனில் எடுக்கப்படுவதில்லை, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நகரமன்றக் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது. அங்கே உட்கார்ந்து குறிப்பெடுக்க நிருபர் இல்லாமல் போனதுதான் நான் அஞ்சும் ஊடகச் சார்பு. உங்கள் ஊரில் இன்னும் இயங்கும் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்கள். டெக்சாஸில் நகரமன்றங்கள் நிகழ்ச்சி நிரலைச் சில நாள் முன்பே வெளியிட வேண்டும், பொருள்பற்றிப் பேச வரும் பொதுமக்களைப் பேசவிடவும் வேண்டும். சட்டமே அப்படித்தான். அதில் எந்த நிறுவனத்துக்காவது சலுகை இருந்தால் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை வராவிட்டால் பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா, கடன் யார் தலையில், நிலம் எடுக்கும் அதிகாரத்தை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய்வந்து அங்கே நடந்ததை எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.