ரத்தத்தில் செம்பு குறைவு, கல்லீரலில் அதிகம்: இது எப்படி?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கல்லீரல் என்சைம்கள் கூடியிருக்கின்றன. செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்) 8 மில்லிகிராம், ரத்தத்தில் செம்பு 55 மைக்ரோகிராம் (இரண்டும் டெசிலிட்டருக்கு). வில்சன் நோயாக இருக்கலாம், உடம்பில் செம்பு சேர்கிறது என்கிறார் டாக்டர். ஆனால் ரிப்போர்ட்டில் செம்பு குறைவு என்றுதானே இருக்கிறது? வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம். நிறுத்த வேண்டுமா?

பதில்: மகனுக்கு அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்திவிடுங்கள். ரிப்போர்ட்டும் சரி, டாக்டர் சொல்வதும் சரி.

செம்பு நமக்குக் கட்டாயம் தேவை. ஆனால் செல்லுக்குள் அது கட்டற்று உலவினால், ஆக்ஸிஜனோடு சேர்ந்து செல்லையே சிதைக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். அதனால் உடம்பு அதை எப்போதும் ஏதாவது ஒரு புரதத்தின் பிடியிலேயே வைத்திருக்கிறது. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது, எவ்வளவு செம்பு என்பதோடு அது எந்தப் புரதத்திடம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

குடலில் உறிஞ்சப்பட்ட செம்பை ரத்தத்தில் பிடிப்பவற்றில் முக்கியமானது ஆல்புமின் என்ற புரதம். அதன் அமினோ அமிலச் சங்கிலியின் ஆரம்பத்தில் மூன்றாவதாக ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன் நைட்ரஜன் ஒன்றும் அந்த முனையிலுள்ள வேறு மூன்று நைட்ரஜன்களும் செம்பு அயனியைச் சதுரமாகச் சூழ்ந்து பிடிக்கும். செல்லுக்குள் போகும்போது செம்பின் மின்னூட்டம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைகிறது. அந்த நிலையில் அதற்குக் கந்தகம்தான் பிடிக்கும். ஏடாக்ஸ்1 என்ற சின்னப் புரதம், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டின் கந்தகத்துக்கு நடுவே செம்பை வைத்துக்கொண்டு, ஏடிபி7பி என்ற பெரிய புரதத்திடம் சேர்க்கிறது. ஏடிபி7பியின் முன்பகுதியில் அதே மாதிரியான ஆறு பிடிகள் உண்டு. கைமாறும்போது இரண்டு புரதங்களின் கந்தகமும் ஒரு கணம் சேர்ந்தே செம்பைப் பிடித்திருக்கும், அது நழுவ வழியே இல்லை. இந்த வேதியியலில் என்னை மிகவும் வியக்கவைக்கும் இடம் இதுதான்.

ஏடிபி7பிக்கு இரண்டு வேலைகள். புதிதாக உருவாகும் செருலோபிளாஸ்மினில் ஆறு செம்பு அணுக்களை ஏற்ற வேண்டும், மிச்சத்தைப் பித்தநீரில் வெளியேற்ற வேண்டும். வில்சன் நோயில் பழுதாவது இந்தப் புரதம்தான். செம்பு ஏறாத செருலோபிளாஸ்மின் ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே சிதைந்துபோகும். ரத்தத்துச் செம்பில் பெரும்பங்கு அதில்தான் இருக்கும் என்பதால் மொத்த அளவும் இறங்கிவிடுகிறது. வெளியேற வழியில்லாத செம்போ கல்லீரலில் தேங்குகிறது.

உங்கள் எண்களையே பாருங்கள். ஒரு மில்லிகிராம் செருலோபிளாஸ்மினில் சுமார் 3 மைக்ரோகிராம் செம்பு இருக்கும். 8 மில்லிகிராமுக்கு 24. மொத்தம் 55-இல் அதைக் கழித்தால் 31. செருலோபிளாஸ்மினில் சேராத செம்பு வழக்கமாக 15-க்குள் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. சிறுநீரில் புரதம் வீணாவது போன்ற வேறு காரணங்களாலும் செருலோபிளாஸ்மின் குறையலாம். காய்ச்சல், அழற்சி இருந்தால் பொய்யாக ஏறியும் காட்டும். 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு, கருவிழி ஓரத்தில் வளையம் இருக்கிறதா என்று ஸ்லிட் லாம்ப் சோதனை, தேவைப்பட்டால் மரபணுச் சோதனை, இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

உறுதியானால் மருந்து உண்டு, அதுவும் இதே வேதியியல்தான். பெனிசிலமைன் தன் கந்தகத்தால் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்குகிறது. துத்தநாகம் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைப் பெருக்கும். இருபது சிஸ்டீன் கொண்ட அது, துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடிக்கும். சில நாளில் அந்தச் செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். இரண்டுமே சாப்பாட்டோடு எடுக்கக்கூடாத மருந்துகள், வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியவை. உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று செயலிழக்கலாம்.

குடத்துக்கு வருவோம். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. மற்றவர்கள் வெறும் தண்ணீர் வைத்துக் குடிக்கலாம். ஆனால் எலுமிச்சைச் சாறு, மோர், புளி சேர்ந்த எதையும் அதில் வைக்காதீர்கள், புளிப்பு செம்பைக் கரைக்கும். வெள்ளீயம் பூசாத பித்தளையில் பால் காய்ச்சுவதும் வேண்டாம், பாலின் கேசீன் செம்பைப் பிடித்துக்கொள்ளும். மகனுக்கு ஈரல், நண்டு, சிப்பி, கொட்டைகள், சாக்லேட், காளான் ஆகியவற்றையும் இப்போதைக்குத் தவிருங்கள்.

அப்புறம், அவனுக்கு அண்ணன், தங்கை என்று உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா? நோய் உறுதியானால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் இது இருக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அவர்களையும் சோதித்துவிடுங்கள். கல்லீரல் கெடுவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கினால் மற்றவர்களைப் போலவே வாழலாம்.