ஒருவரே என்றால்

அன்புள்ள அம்மா,

'இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்' (உபாகமம் 6:4). இந்த 'ஒருவரே'யில் திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே தேவன் என்பது, இருக்கிறது என்கிறார் எங்கள் போதகர். கிடையவே கிடையாது என்கிறான் என் முஸ்லிம் நண்பன். யார் சொல்வது சரி? இஸ்ரவேலர் ஆதியிலிருந்து ஒரே கடவுளைத்தானே கும்பிட்டார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திரித்துவச் சண்டை அந்த வசனம் எழுதப்பட்டுப் பல நூற்றாண்டு கழித்து வந்தது, அதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் போகிறபோக்கில் 'ஒரே கடவுளைத்தானே கும்பிட்டார்கள்' என்று எழுதிவிட்டீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கையில் இருக்கும் பைபிளைத் திறந்து பார்க்கக்கூடாதா? யோசியா ராஜா எருசலேம் ஆலயத்துக்குள்ளிருந்தே அசேரா என்ற பெண் தெய்வத்தின் விக்கிரகத்தை எடுத்துப்போய் எரித்தான் என்கிறது 2 இராஜாக்கள் 23. அங்கே இல்லாததையா எரித்தான்?

கொஞ்ச நாளாகவே எரேமியா 44 என்னை விடமாட்டேன் என்கிறது. பாபிலோனியர் கி.மு. 586 வாக்கில் எருசலேமை எரித்த பிறகு எகிப்துக்கு ஓடிப்போனவர்கள், அவர்களில் பெண்களும் சேர்ந்து, தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்: வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குத் தூபம் காட்டிய வரைக்கும் வயிறாரச் சாப்பிட்டோம், அதை நிறுத்தியதிலிருந்துதான் பட்டயமும் பஞ்சமும். ஏழாம் அதிகாரத்தில் அந்த வீடுகளையே பார்க்கலாம். பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், அப்பாக்கள் நெருப்பு மூட்டுகிறார்கள், அம்மாக்கள் அவளுக்குப் பணியாரம் சுட மாப்பிசைகிறார்கள். இந்தப் பெண்களை மூடர்கள் என்று பிரசங்கம் செய்கிறவர்களை எனக்குப் பொறுக்காது. ஊரையும் உறவையும் பறிகொடுத்தவர்கள், நடந்ததை வைத்துத்தான் பேசுகிறார்கள். அதே எகிப்தில், நைல் நதியிலுள்ள எலிஃபன்டைன் தீவில், கி.மு. 400 வாக்கில் யூதர்கள் திரட்டிய காணிக்கையின் கணக்கு கிடைத்திருக்கிறது: யாஹோவுக்கு (கர்த்தரை அவர்கள் அழைத்த பெயர்) 126 சேக்கல் எடை வெள்ளி, அனாத்பெத்தேல் என்ற தெய்வத்துக்கு 120, எஷெம்பெத்தேலுக்கு 70.

எரேமியா அவர்களுக்குச் சொன்ன பதில் கொடுமையானது: உங்கள் ஊரை அழித்ததும் கர்த்தரே. ஏசாயா 45:7 ஒளிவுமறைவே இல்லாமல், ஒளியும் இருளும் சமாதானமும் தீங்கும் என்னிடமிருந்தே என்கிறது. ஒருவர்தான் என்று சொன்ன பிறகு பழியைத் தூக்கிப்போட இன்னொரு சாமி கிடையாது, இதைத் தாங்க முடிகிறவர்கள்தான் அந்த 'ஒருவரே' வசனத்தை வாயில் எடுக்கவேண்டும்.

என் பெரியம்மாவின் ஒரே மகன் இறந்தபோது ஜெபிக்க வந்த ஒருவர் 'இது பிசாசின் வேலை' என்றார். 'அவனுக்கு எதுக்கு அந்தப் பெருமை? எடுத்தது ஆண்டவர், நான் அவர்கிட்டதான் கேட்பேன்' என்றாள். கேட்டாள், மாதக்கணக்கில், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ஒருவரே என்பதை எனக்கு எந்தப் போதகரும் அவளைப்போலப் புரியவைத்ததில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. எரேமியா 44-ஐ ஒரே மூச்சில் வாசியுங்கள், அந்தப் பெண்கள் உங்களிடம் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று அப்புறம் எழுதுங்கள்.